கலுங்கும் கல்யாண்பூரும்

கண்மாய் ரோட்டின் மேல் கிடந்தது.

எங்கள் கல்லூரிப் புவியியல் துறையின் கணினி அறையில், முதுகலை முதலாண்டு மாணவி ஒருத்தி தன் ஊர்க் கண்மாயை வரைந்து முடித்திருந்தாள். சிவகங்கைச் சீமைக் கிராமம். பழைய டோப்போஷீட்டை ஸ்கேன் செய்து, அதன் மூலைகளில் அச்சாகியிருந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொடுத்து, கரையை ஒட்டி மௌஸை நகர்த்தி இரண்டு மணி நேரம் வரைந்த படம். அதற்கு அடியில் செயற்கைக்கோள் படத்தை விரித்ததும் எல்லாம் குலைந்தது. கண்மாய் நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்திருந்தது. கரை தார்ச்சாலை மேல் ஓடியது. கலுங்கு யாரோ ஒருவர் வீட்டுக்குள் இருந்தது.

"நான் சரியாத்தான் சார் வரைஞ்சேன்" என்றாள். முகம் சுண்டிவிட்டது.

"டேட்டத்தை மாத்தும்மா. பட்டியல்ல கல்யாண்பூர்னு இருக்கும் பாரு."

மாற்றினாள். கண்மாய் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தது. பதினைந்து வினாடி வேலை. நான் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டேன். அவள் விடவில்லை. "கல்யாண்பூர் எங்க சார் இருக்கு? எங்க கண்மாய்க்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்?"

அந்தக் கேள்வி என்னை உட்கார வைத்துவிட்டது. இருபது வருஷமாக ஜி.ஐ.எஸ்., அதாவது புவியியல் தகவல் முறைமை, நடத்துகிறேன். பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டைப் புரட்டினால் எந்த மெனுவைத் திறந்து எந்தப் பொத்தானை அழுத்துவது என்று வரிசை வரிசையாக எழுதியிருக்கும். நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஒரு பொருள் ஏன் அங்கே இருக்கிறது, ஏன் இங்கே இல்லை, பக்கத்தில் இருப்பதற்கும் அதற்கும் என்ன உறவு என்று கேட்பதுதான் புவியியல். மென்பொருள் வந்த பிறகு அந்தக் கேள்வியைக் கேட்க நேரம் மிச்சமாகும் என்று நம்பினோம். கேள்வியே மிச்சமாகிப் போனது.

துறைச் சுற்றுலா வழக்கமாக ஊட்டிக்கோ மூணாறுக்கோ போகும். அந்த வருஷம் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு போவது என்று முடிவு செய்தோம். சென்னை பரங்கிமலையில் தொடங்கி, இந்தியாவின் முதுகெலும்பு போல 78-வது தீர்க்கரேகையை ஒட்டி மேலேறி, இமயமலையின் முதல் மடிப்பில் முடிகிற அளவைக் கோடு. பதினான்கு பிள்ளைகள் பெயர் கொடுத்தார்கள். அதில் ஒருவன் வரலாற்றுத் துறை. "எனக்கும் ஒரு சோலி இருக்கு சார்" என்று மட்டும் சொல்லியிருந்தான்.

சென்னையில் ரயிலேறும் முன் பரங்கிமலைப் படியேறினோம். உச்சியில் 1523-ல் போர்த்துக்கீசியர் கட்டிய மாதா கோயில். வந்திருந்தவர்கள் விமானம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் தெற்கே பார்த்து நின்றோம். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்ப்டன் என்ற படை அதிகாரி இந்த மலையடியிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறடி எஃகுச் சங்கிலி. நானூறு தடவை எடுத்து வைத்தால் கோடு முடியும். நீளம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். சித்திரை வெயிலில் சங்கிலி நீளும். அதனால் அதை மரப்பெட்டிக்குள் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானி வைத்து, ஒவ்வொரு தடவையும் சூட்டைக் குறித்துக்கொண்டு, நீண்ட அளவைக் கணக்கில் சரி செய்தார்கள்.

அந்த ஒரு கோடு கையில் இருந்தால் போதும். அதன் இரண்டு முனைகளிலிருந்தும் தூரத்துக் குன்று ஒன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால், மற்ற இரண்டு பக்கங்களும் கணக்கில் வந்துவிடும். அந்தப் பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம், அதை வைத்து அதற்கடுத்தது. சங்கிலியை மறுபடி தரையில் போட வேண்டியது, கணக்கு பிசகவில்லையே என்று எங்காவது சரிபார்க்கும்போதுதான். மகா முக்கோண அளவை என்று பெயர் பெற்ற வேலை இப்படித்தான் நடந்தது.

பெரும்பாக்கம் குன்று புகைமூட்டத்தில் தெரியவில்லை. நடுவே அடுக்குமாடிகள் தெரிந்தன. "அவரு அளந்த கோட்டு மேல இப்ப எத்தனை வீடு இருக்கும் சார்? அப்ப அங்க என்ன இருந்திருக்கும்?" என்றான் ஒருவன். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம் அது. வகுப்பில் மூன்று மாதம் வாயே திறக்காத பையன். அந்தக் கேள்வியையே அவனுடைய ஆய்வுத் தலைப்பாகக் குறித்துக்கொண்டேன்.

மலையிலிருந்து கிழக்கே கையைக் காட்டினால் கிண்டி பொறியியல் கல்லூரிப் பக்கம். அந்தக் கல்லூரி 1794-ல் கோட்டைக்குப் பக்கத்தில், மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியில், எட்டு மாணவர்களோடு ஆரம்பித்த சர்வே பள்ளியிலிருந்து வளர்ந்தது. நம் ஊரில் பொறியியல் படிப்பு நிலத்தை அளப்பதில்தான் பிறந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எனக்கே மனம் நிறைந்தது. அதே வளாகத்தில்தான் 1982-ல் தொலையுணர்வு நிறுவனமும் வந்தது.

ரயிலில் இரவு முழுக்கப் பேச்சு லாம்ப்டனின் கோணமானியைப் பற்றித்தான். தியோடலைட். அரை டன் எடை. இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி மொரீஷியஸ் போய், பிறகு சென்னைக்கு வந்து சேர்ந்தது. 1808-ல் லாம்ப்டன் காவிரிக் கரைக்கு இறங்கியபோது ஒரு சங்கடம். தஞ்சைச் சீமையில் குன்றே கிடையாது. முக்கோணம் போட உயரம் வேண்டுமே. அவர் கண்ணுக்குக் கோயில்கள் குன்றாகத் தெரிந்தன. பெரிய கோயிலில் கருவியைக் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி வளைந்துபோனது. வேறொருவராக இருந்தால் புதுக் கருவி கேட்டுக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பார். லாம்ப்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தன் கையாலேயே அதைத் தட்டி நேராக்கினார்.

"எங்க கோயில்லயா சார்?" என்றான் தஞ்சாவூர்ப் பையன். நூறு தடவை போயிருப்பான். அந்த விமானத்தை ஒரு மலை முகடாக அவன் அதுவரை நினைத்ததில்லை. இடத்தைப் பற்றி யோசிக்கக் கற்றுக்கொள்வது என்றால் எனக்கு இதுதான். தெரிந்த இடத்தையே இன்னொரு தேவையின் கண்ணால் பார்ப்பது. அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் குழு 2006-ல் இடம்சார் சிந்தனை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. வெளி பற்றிய கருத்துகள், அதைப் படமாக்கும் கருவிகள், அதை வைத்துக் காரணம் தேடும் முறை, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அந்தச் சிந்தனை என்று அது சொன்னது. நம் பாடத்திட்டங்களில் நடுவில் உள்ளதற்கு மட்டுமே மதிப்பெண் இருக்கிறது.

மறுநாள் மதியம் ஹிங்கன்காட். எங்கள் ரயில் அங்கே நிற்காது. பருத்தி மில், மஞ்சள் பலகை, ஓர் ஆறு, அவ்வளவுதான் ஜன்னலில் வந்து போனது. லாம்ப்டன் தெற்கிலிருந்து முக்கோணங்களைப் போட்டுக்கொண்டே நடந்து, எழுபதை ஒட்டிய வயதில், 1823 ஜனவரியில் இந்த ஊரில்தான் இறந்தார். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே வேலை. கல்லறையும் இங்கேதான். பிள்ளைகள் எல்லோரும் ஒரு பக்கத்து ஜன்னல்களில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். எதிர் இருக்கை மராத்திய அம்மா என்ன பார்க்கிறீர்கள் என்று சைகையில் கேட்டார். எங்களிடம் காட்ட எதுவும் இல்லை.

போபால் தாண்டியபோது இருட்டிவிட்டது. சிவகங்கைப் பெண் படுக்கப் போகவில்லை. கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, ஜன்னலை ஒட்டி நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விதிஷா போனது. கஞ்ச் பாஸோடா போனது. "சார், கல்யாண்பூர் இப்ப நமக்கு மேற்க. ஒரு நாப்பது கிலோமீட்டர் இருக்கும்" என்றாள். வெளியே கன்னங்கரேலென்ற இருட்டு. எங்கோ ஒரு பம்புசெட் விளக்கு.

அங்கேதான் அவளுக்கு விடை சொன்னேன். லாம்ப்டனுக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1824-ல் இந்தப் பக்கம், சிரோஞ்சில், இன்னோர் அடிக்கோடு அளந்தார். பூமி உருண்டையும் இல்லை, சமமான முட்டையும் இல்லை. வரைபடம் போட வேண்டுமானால் அதற்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிற ஒரு கணக்குப் பந்து வேண்டும். எவரெஸ்ட் 1830-ல் கொடுத்த பந்தின் நிலநடுக்கோட்டு ஆரம், இன்று கைபேசி பயன்படுத்தும் பந்தைவிட ஏறக்குறைய 860 மீட்டர் குறைவு. அந்தப் பந்தை இந்திய நிலத்தோடு ஒட்டவைத்த இடம் சிரோஞ்சுக்குப் பக்கத்துக் கல்யாண்பூர்; இப்படி ஒட்டவைத்த ஏற்பாடுதான் டேட்டம். இங்கே ஒட்டவைத்ததால் பந்தின் மையம் பூமியின் மையத்திலிருந்து விலகிப்போனது. இந்தியாவுக்குள் அளக்க அது நன்றாகவே உதவியது. ஆனால் ஒரே எண்ணை இரண்டு பந்துகளின் மேலும் வைத்தால் இரண்டு இடம் வரும்.

"அப்ப எங்க கண்மாய் நகரல சார். பந்துதான் மாறிப்போச்சு."

இருபது வருஷம் கரும்பலகையில் நான் வரைந்த எந்தப் படமும் இவ்வளவு தெளிவாக இதைச் சொன்னதில்லை.

டெல்லியிலிருந்து பேருந்து. மீரட், முசாபர்நகர், ரூர்க்கி. இரு பக்கமும் கரும்பு. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மேடு இல்லை. தஞ்சாவூர்ப் பையன்தான் முதலில் சொன்னான்: "இங்கயும் குன்று இல்லையே சார், கோயில் கோபுரமும் இல்லை, எப்படி அளந்தாங்க?" எவரெஸ்ட் இந்தச் சமவெளியில் கல்லும் செங்கல்லும் கொண்டு கோபுரங்களையே கட்டினார் என்றேன். நிலம் தராத உயரத்தை மனிதர் கட்டிக்கொண்டார்கள். ரூர்க்கியில் கங்கைக் கால்வாயைக் கடந்தோம். அந்தக் கால்வாய்க்கு ஆள் பயிற்றத்தான் 1847-ல் இங்கே ஒரு பொறியியல் கல்லூரி வந்தது. இன்று அது ஐ.ஐ.டி. சென்னையில் சங்கிலி, இங்கே வாய்க்கால்.

மோஹந்த் தாண்டிச் சிவாலிக் குன்றுகளில் ஏறி இறங்கினால் டூன் பள்ளத்தாக்கு. தெற்கே சிவாலிக், வடக்கே மசூரி மலைத்தொடர், நடுவில் படுக்கை விரித்தது போல டேராடூன். வெளிப்பார்வைக்கு ஒரே பள்ளத்தாக்கு. ஆனால் அதன் குறுக்கே ஒரு நீர்பிரி மேடு ஓடுகிறது. ஒரு பக்கம் விழுகிற மழை ரிஸ்பனா, சோங் என்று போய்க் கங்கையில் சேரும். மறுபக்கம் விழுவது ஆசன் ஆற்றின் வழியே யமுனைக்குப் போகும். விடுதிக்குப் போனதும் இலவசமாகக் கிடைக்கும், முப்பது மீட்டருக்கு ஓர் அளவு கொண்ட உயரத் தரவை மடிக்கணினியில் இறக்கி, க்யூஜிஐஎஸ் மென்பொருளில் நீர் ஓட்டத்தைக் கணக்கிட்டு அந்த மேட்டைக் கண்டுபிடியுங்கள் என்றேன். கோடு வந்தது. சிலருடைய கோடு நகரத்துக்குள் கோணல்மாணலாக அலைந்தது. அந்தத் தரவில் கட்டடங்களின் உயரமும் கலந்திருக்கும், தரையின் உயரம் மட்டும் இருக்காது என்பதை நான் சொல்லவில்லை. மறுநாள் காலையில் தெருவில் நின்று சாக்கடைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டு வந்து அவர்களே சொன்னார்கள்.

காளிதாஸ் சாலையில் இருக்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் எனக்குப் பழகிய இடம். கல்லூரி ஆசிரியர்களுக்கான பயிற்சிக்கு இளம் வயதில் வந்து சில வாரங்கள் தங்கியிருக்கிறேன். 1966-ல் நெதர்லாந்தின் ஐ.டி.சி. நிறுவனத்தின் துணையோடு, வான்படங்களைப் படித்தறியப் பயிற்சி தரும் இடமாக இது தொடங்கியது. பிறகு இஸ்ரோவின் கீழ் வந்தது. 2007 முதல் இணையம் வழியாகப் பல்கலைக்கழகங்களுக்கு வகுப்பு எடுக்கிறார்கள். என் மாணவர்களில் சிலர் அதில் சான்றிதழ் வாங்கியவர்கள். எனக்கு இங்கே மறக்க முடியாதது ஸ்டீரியோஸ்கோப்தான். ஒரே இடத்தை விமானம் இரண்டு கோணத்தில் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடி பொருத்திய அந்தக் கருவி வழியாகப் பார்க்க வேண்டும். முதலில் இரண்டு மங்கல் படங்கள் அலையும். கண்ணைத் தளர்த்திக் காத்திருந்தால் ஒரு கணத்தில் மலை மேலே எழும்பி நிற்கும். பள்ளம் உள்ளே இறங்கும். அந்தக் கணத்தில் நான் வாய்விட்டுக் கத்திய நினைவு இருக்கிறது.

எங்கள் துறையிலும் பழைய ஸ்டீரியோஸ்கோப் ஒன்று அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. கையோடு கொண்டுபோயிருந்தேன். விடுதி அறையில், டியூப்லைட் வெளிச்சத்தில், ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். பெரும்பாலோருக்குச் சில நிமிஷங்களில் மலை எழுந்தது. ஒருத்திக்கு மட்டும் எழவே இல்லை. அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். எல்லோருக்கும் இது வராது, இதனால் உன் அறிவு குறைந்துவிடாது என்று சொல்லித் தேற்றினேன். அவள்தான் மறுநாள் தெருவில் நடந்தபோது சரிவை எல்லோருக்கும் முன்னால் காலால் உணர்ந்து சொன்னவள்.

அன்று இரவு வரலாற்றுத் துறைப் பையன் தன் சோலியை எடுத்தான். சோழர் காலச் செப்பேடுகளில் நிலதானம் செய்யும்போது நான்கெல்லை சொல்லுவார்கள். கீழ்பால் எல்லை இந்த வாய்க்கால், தென்பால் எல்லை அந்த ஏரி என்று. பெண் யானையை எல்லையோடு நடக்கவிட்டு, கல்லும் கள்ளியும் நட்டு அடையாளம் செய்வார்கள். ஒரு செப்பேட்டில் வரும் ஊர்ப் பெயர்களையும் வாய்க்கால் பெயர்களையும் இன்றைய படத்தில் குறிக்க முடியுமா என்று கேட்டான். அடுத்த இரண்டு மணி நேரம் யாரும் தூங்கவில்லை. ஊர்ப் பெயர்கள் சில கிடைத்தன. வாய்க்கால்கள் பெயர் மாறியிருந்தன. ஆனால் ஒரு வளைந்த வரப்பு மட்டும் செயற்கைக்கோள் படத்தில் சுற்றியுள்ள சதுர வயல்களுக்கு ஒத்துவராமல் தனியாக ஓடியது. அது பழைய எல்லையா என்று இன்னும் தெரியாது. போய்ப் பார்க்க வேண்டும். ஜி.ஐ.எஸ். புவியியல் துறையின் சொத்து என்று நாங்கள் கதவைச் சாத்தி வைத்திருந்தது எவ்வளவு பெரிய தவறு! நோய் பரவுவதைப் படிப்பவருக்கும், பேச்சுவழக்கைத் தேடுபவருக்கும், ரேஷன் கடை தூரத்தைக் கணக்கிடும் பொருளியல் மாணவருக்கும் இது வேண்டும். ஒவ்வொரு கல்லூரியிலும் எல்லாத் துறைக்கும் பொதுவாக ஒரு தாள் வைக்கச் சொல்லி நான் இன்னும் மன்றாடிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த நாள் நயின் சிங் ராவத்தின் நாள். மிலாம் என்ற எல்லைக் கிராமத்துப் பள்ளி வாத்தியார். அதனால்தான் சர்வேக்காரர்கள் அவரைப் பண்டிட் என்று அழைத்தார்கள். வெளியாருக்குக் கதவடைத்த திபெத்தை அளக்க 1860-களில் அவருக்கு டேராடூனில் பயிற்சி கொடுத்தார்கள். எந்த மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே அளவு எட்டு வைக்கப் பழகினார். இரண்டாயிரம் எட்டுக்கு ஒரு மைல். ஜெபமாலையில் 108 மணிக்குப் பதிலாக நூறு. நூறு எட்டுக்கு ஒரு மணி தள்ள வேண்டும். மாலை ஒரு சுற்று முடிந்தால் பத்தாயிரம் எட்டு, ஐந்து மைல். குறிப்புகள் ஜெபச் சக்கரத்துக்குள். தண்ணீர் கொதிக்கும் சூட்டை வைத்து உயரம். இப்படியே நடந்து 1866-ல் லாசாவுக்குப் போய்ச் சேர்ந்து, அது எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து கொண்டுவந்தார்.

பல்டன் பஜாரில் ஆளுக்கொரு மாலை வாங்கி எட்டு மணிகளை உருவினோம். மணிக்கூண்டில் தொடங்கி ராஜ்பூர் சாலையில் வடக்கே, இரண்டாயிரம் எட்டு. கைபேசியும் பக்கத்தில் அளந்தது. என் கணக்கு 1.4 கிலோமீட்டரில் நின்றது. ஒரு மைலுக்கு இன்னும் 200 மீட்டர் குறைவு. பெண்கள் 1.3-ஐத் தாண்டவில்லை. இரண்டு பேர் பேசிக்கொண்டே நடந்து மணி தள்ள மறந்துபோனார்கள். பாதி வழியில் அடர்ந்த மரங்களுக்குக் கீழே கைபேசியின் தடமும் தடுமாறி, எங்களை மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கவிட்டது. எந்த அளவுக்கும் ஒரு பிழை உண்டு, அந்தப் பிழை எவ்வளவு என்று தெரிந்தவன்தான் அளவு தெரிந்தவன். இதைப் புத்தகத்தில் ஓர் அத்தியாயமாக நடத்தியிருக்கிறேன். அன்று அவர்கள் குதிகாலில் வலித்தது.

ஹாத்திபர்கலாவில் சர்வே ஆஃப் இந்தியா வளாகத்தைக் கடந்து போனோம். 1767-ல் பிறந்த துறை. வாசலில் நின்றபோது பழைய வேதனை ஒன்று வந்தது. நான் ஆய்வு செய்த காலத்தில் கடற்கரைப் பகுதி டோப்போஷீட்டுகள் கட்டுப்பாட்டில் இருந்தன. ஒரு தாளுக்காகக் கடிதம் மேல் கடிதம் போட்டு மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் தலைப்பையே மாற்றிக்கொண்டேன். என் தலைமுறையில் எத்தனையோ ஆய்வுகள் இப்படித் தாள் கிடைக்காமல் செத்தன. 2005-ல் பொதுமக்களுக்கென்று தனி வரைபட வரிசை வகுத்தார்கள். 2021 பிப்ரவரியில் வந்த நெறிமுறைகள் வரைபடம் தயாரிக்க இருந்த அனுமதித் தடைகளைப் பெருமளவு நீக்கின. இன்றைய பிள்ளைகளுக்குத் தரவுக்குப் பஞ்சமில்லை. அதைக் கேள்வி கேட்கத்தான் நாம் சொல்லித்தர வேண்டும்.

கடைசி நாள் மசூரி. ஏறும் வழியில் எதிர் மலைச் சரிவுகளைக் காட்டினேன். சுண்ணாம்புக்கல் குவாரிகள் வெட்டிய தழும்புகள். ஊற்றுகள் வற்றியதும் மக்கள் வழக்குப் போட்டு, 1985-ல் உச்ச நீதிமன்றம் பல குவாரிகளை மூடச் சொன்னது. மறுபடி மரம் நட்டார்கள். இன்று பச்சை மூடியிருக்கிறது. வெவ்வேறு ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களை அடுக்கிப் பார்த்தால் அந்தப் பச்சை எந்தப் பக்கமிருந்து ஏறியது என்று தெரியும். பஸ்ஸிலேயே இருவர் அந்தத் தலைப்புக்குச் சண்டை போட்டார்கள்.

நூலக முனையிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி ஹாத்திபாவ். அங்கே முகட்டில் எவரெஸ்ட் வாழ்ந்த வீடு. 1843-ல் ஓய்வு பெறும்வரை இங்கிருந்துதான் வேலையை நடத்தினார். கன்னியாகுமரியில் தொடங்கி 2,400 கிலோமீட்டர் நீண்ட அளவை வில்லின் வடமுனை பக்கத்தில் பானோக் மலை. 1841-ல் முடிந்தது. எவரெஸ்ட் தனக்குக் கணக்கு போட ஓர் இளைஞன் வேண்டுமென்று கேட்டபோது கல்கத்தா இந்து கல்லூரியிலிருந்து வந்தவர் ராதாநாத் சிக்தார். 1831-ல் சேரும்போது வயது பத்தொன்பதை ஒட்டி. 1852-ல், பதினைந்தாம் சிகரம் என்று எண் மட்டும் இருந்த மலைதான் உலகிலேயே உயரமானது என்பது அவர் கணக்கில் தெரிந்தது. 1856-ல் 29,002 அடி என்று அறிவித்து அதற்கு எவரெஸ்ட் பெயரை முன்மொழிந்தார்கள். சிக்தாரின் பெயரை ஒரு குன்றுக்காவது வைத்திருக்கலாம். மலைமேல் கால் வைக்காமல், தூரத்திலிருந்து எடுத்த கோணங்களை வைத்து, கல்லூரியிலிருந்து கணக்குப் போட வந்த ஒருவர் சாதித்தது அது.

அந்தச் சிகரம் இங்கிருந்து தெரியாது. தெற்கே டூன் பள்ளத்தாக்கு, வடக்கே அக்லார் ஆற்றுப் பள்ளம், அதற்கு மேல் மேகம்.

சிவகங்கைப் பெண் தன் வரைபடத்தை முந்தின இரவே அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அவர் ஊரில் நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர். கண்மாய் மடை எல்லாம் அவர் கைக்குள் கிடந்த காலம் உண்டு. வீட்டுக்கு வெளியே கல் சுவரில் உட்கார்ந்து அவரைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"கலுங்கு மேல நிக்கிறேன் தாயி. லொக்கேசன் அனுப்பிட்டேன். வந்துச்சா?"

மடிக்கணினியில் அந்த எண்ணை ஏற்றினாள். புள்ளி கலுங்கின் மேலேயே விழுந்தது. நான்கைந்து மீட்டர் இப்படி அப்படி இருக்கலாம். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

"கலுங்கு சரி. தெக்க நீலமா ஒரு கோடு இழுத்து வரத்துக்கால்னு எழுதிருக்கியே, அது தப்பு."

"டோப்போஷீட்ல இருக்குப்பா."

"ஓடை இருக்கும். தண்ணி எங்கிட்டுப் போகுதுன்னு அதுல எழுதிருக்கா? அது நம்ம கலுங்குத் தண்ணி கீழக் கண்மாய்க்குப் போற ஓடை. அவுகளுக்கு அது வரத்துக்கால். நமக்கு வரத்து மேக்க இருந்துல்ல வரும். ரோடு போட்டப்ப குழாய் வைக்காம மூடிட்டாக. அதான் மூணு வருசமா கம்மாய் நெறையல."

அவள் கோட்டைப் பார்த்தாள். டோப்போஷீட்டில் நீலக் கோட்டுக்கு அம்புக்குறி இல்லை. அவள்தான் ஒரு திசையை நினைத்துக்கொண்டு வரைந்திருந்தாள். நானும் அதைப் பார்த்து மதிப்பெண் போட்டிருந்தேன்.

"எந்த எடத்துலப்பா மூடினாங்க?"

"நடந்து போய்க் காட்டுறேன். அந்த லைவ் லொக்கேசனை எப்படி அழுத்துறதுன்னு சொல்லு."

சொன்னாள். வரலாற்றுப் பையன் தன் பையிலிருந்து நூறு மணி மாலையை எடுத்துக்கொண்டான், எதற்கென்று தெரியவில்லை. கைபேசியில் காற்றும் செருப்புச் சத்தமும் கேட்டன. சற்று நேரம் அசையாமல் இருந்த நீலப் புள்ளி கலுங்கை விட்டு, கரையோரமாக, மேற்கே நகர ஆரம்பித்தது.